நிராகரிக்கப்பட்டவை நாற்பத்தொன்று

நாலரைக்குப் பெட்டியின் அரக்கை உடைத்தோம்.
வெளியே மழை. உள்ளே மூன்றாம் வகுப்பின் குட்டி மேசைகள்.
முழங்கால் நுழையாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து
வட்டாரத்தின் மனசைக் கவிழ்த்துக் கொட்டினோம்.

மற்ற நாட்களில் நான் உப தபாலகத்துக்காரன்.
முத்திரை ஒட்டுவேன், நிறுப்பேன்,
லயத்துக் கடிதங்களைக் கட்டித்
தோட்டத்து ஆபீசுக்கு அனுப்புவேன்.
காம்பராக்களுக்கு இன்னும் விலாசம் கிடையாது.
வாக்காளர் இடாப்பில் மட்டும்
எல்லோருக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது.

இந்த மலையில் ஓட்டு எந்தப் பக்கம் விழுமென்பது
மேகம் பார்த்து மழை சொல்வதைவிட லேசு.
மேப்பிரிவில் சந்தா எங்கே வெட்டுகிறார்களோ
புள்ளடி அங்கே.
ஃபாக்டரிப் பிரிவு, கொடுத்தவருக்கு:
போன தடவை கூரைத் தகரம்,
இந்தத் தடவை சாவு வீட்டுக்கென்று
ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி.
பாலத்துக்கு அந்தப்புறம் கொலனியில்
சுமணவதியின் மகன் ஏணியில் கேட்கிறான்.
அங்கே வேறு பேச்சில்லை.
பஜார் முதலாளிமார் மூன்று கட்சிக்கும் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு
யார் வென்றாலும் அவர் ஆள்.
கீழ்ப்பிரிவு எப்போதும் கடைசி.
குடைக்காரரின் லொறியில் ஏறி வந்து
குடைக்கே போட்டுவிட்டு
நடந்து திரும்பும்.

குடை, குடை, ஏணி, குடை, கேத்தல்.
கேத்தலில் நின்றது ஓட்டோ ஓடும் ஜெபராசா.
கொதிக்குமா என்று கேட்டுச் சிரித்த குடை முகவர்
ஏழு மணிக்குமேல் சிரிக்கவில்லை.

அப்புறம் அந்தச் சீட்டு வந்தது.
புள்ளடி இல்லை.
குறுக்கே ஒரே சொல்: தண்ணி.
அடுத்ததிலும். இன்னொன்றில் தன்னி.
ஒன்றில் தண்ணீர் என்று திருத்தமாக.
எழுதத் தெரியாத ஒரு கை
பைப் ஒன்றை வரைந்து
அதன் கீழே சொட்டு எதுவும் போடாமல் விட்டிருந்தது.

ஒரு சீட்டு கேத்தல் படத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்க
ஜெபராசாவின் முகவர் எழும்பி நின்றார்:
"ஊத்தினது கேத்தலுக்குள்ளதானே சார்,
அப்ப அது எங்களுக்கு."
பெரிய அதிகாரிகூடச் சிரித்துவிட்டு
சுற்றுநிருபத்தைப் புரட்டினார்.
எழுத்து அடையாளம் ஆகாது.
தள்ளு.

நாற்பத்தொன்று.
குடை வென்றது இருபத்தாறால்.

முதல் சீட்டை நான் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
அந்த 'ண்' எனக்குத் தெரியும்.
மூன்று சுழியில் கடைசிச் சுழி
படி தவறினமாதிரி கீழே இறங்கும்.
நாலு வருடத்தில் ஆறு பதிவுத் தபால்,
கௌரவ தவிசாளர், பிரதேச சபை என்று,
என் கையால்தான் நிறுத்து அனுப்பியிருக்கிறேன்.
ஆறுக்கும் கிடைத்தது என்ற கையெழுத்து வந்தது.
வேறெதுவும் வரவில்லை.
ஏழாவது முத்திரையில்லாமல் வந்து
என்னிடமே சேர்ந்திருக்கிறது.
அதை எடுத்து
நிராகரிக்கப்பட்டவை என்ற கட்டில் வைத்து
ரப்பர் வளையம் போட்டேன்.
இரண்டு சுற்று.

செவ்வாய்க்கிழமை நாகபூசணி வந்தாள்.
கொழுந்துச் சாக்கைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்தாள்.
சுண்டுவிரல் நகத்தில் மை இன்னும் போகவில்லை.
"தவிசாளரு மாறிட்டாரா சார்?"
இல்லை என்றேன்.
"அப்ப பழைய விலாசமே இருக்கட்டும்."
தராசில் பதினொரு கிராம்.

ரசீதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்தவள்
போகாமல் நின்றாள்.
"சனிக்கிழம போட்டது
போய்ச் சேந்துச்சா சார்?"

வாக்கின் இரகசியம் காப்பதாகச்
சத்தியம் செய்து கையொப்பம் இட்டவன் நான்.
மீதி கொடுக்கச் சில்லறை தேடுபவன்போல
லாச்சியை இழுத்துக்கொண்டே இருந்தேன்.